முடிவு தெரிந்த சண்டையை எப்படிப் பார்ப்பது

ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு பார்த்து அண்டர்டேக்கரையும் யோகோசூனாவையும் தெரிந்துகொண்ட தலைமுறை ஒன்று நம்மூரில் இருக்கிறது. அதற்கும் பின்னால் பிறந்தவர்கள் இப்போது பழைய ரெஸ்லிங் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. "பொய்ச் சண்டைதானே" என்ற பேச்சை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

ஆமாம், யார் ஜெயிப்பது என்று ரிங்குக்குள் இறங்கும் முன்பே பேசி வைத்ததுதான். இதில் மறைக்க எதுவும் இல்லை. வின்ஸ் மெக்மானின் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனமே 1989-இல் நியூஜெர்சி மாநில செனட்டிடம் இது கேளிக்கைதான் என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் தன் மேல் விழக் கூடாது என்பதற்காக அப்படிச் சொன்னது.

நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. கடைசியில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆனாலும் ஊரே வந்து உட்கார்கிறது. அவன் எப்படி விழப்போகிறான், விழும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பதற்காக வருகிறார்கள். பழைய ரெஸ்லிங் ஆட்டத்துக்கும் அந்த மனதோடு போய் உட்காருங்கள். முடிவை முன்கூட்டியே படித்துவிட்டாலும் நஷ்டமில்லை. படித்துவிட்டுப் பார்ப்பது நல்லது என்றுகூட நான் சொல்வேன். யார் ஜெயிப்பார் என்ற பதைப்பு போனபின்தான் ஆட்டம் கட்டப்பட்டிருக்கும் விதம் கண்ணில் படும்.

விழுவது மட்டும் பொய்யல்ல. ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதை மூடி ஒரு கான்வாஸ் துணி. இரவுக்கு ஓர் ஊர் என்று ஆண்டின் பெரும்பகுதியும் அதில்தான் முதுகடித்து விழுந்தார்கள்.

2. முதல் ஆட்டமாக ராண்டி சாவேஜ் – ரிக்கி ஸ்டீம்போட் ஆட்டத்தைப் பாருங்கள்.

1987 மார்ச் 29, ரெஸ்ல்மேனியா 3, மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கம். இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்கான ஆட்டம். மொத்தம் பதினைந்து நிமிடம்கூட இல்லை. தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முன்கதை இதுதான்: 1986-இன் இறுதியில் சாவேஜ், ரிங் மணியைத் தூக்கிக்கொண்டு மேல் கயிற்றிலிருந்து குதித்து ஸ்டீம்போட்டின் குரல்வளையை நசுக்குகிறார். ஸ்டீம்போட் பேச்சே வராமல் கிடந்து, பிறகு மீண்டு வருகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். எல்லாம் கழுத்தைச் சுற்றியே நடக்கும். ஸ்டீம்போட் இரண்டு கைகளாலும் சாவேஜின் கழுத்தைப் பிடித்து ஆளையே அந்தரத்தில் தூக்குகிறார். தனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்கிறார் என்று வர்ணனையாளர் சொல்லாமலே புரியும். சாவேஜும் விடாமல் அந்தப் பழைய காயத்தையே தேடித் தேடித் தாக்குகிறார்.

இனி முடிவு. ரெஃப்ரி அடிபட்டுக் கிடக்கும்போது சாவேஜ் மேல் கயிற்றிலிருந்து தன் புகழ்பெற்ற முழங்கை அடியைப் போடுகிறார். எண்ணுவதற்கு ஆள் இல்லை. உடனே அதே மணியைத் தேடிப் போகிறார். ஸ்டீம்போட்டுக்குத் துணையாக வந்த ஜார்ஜ் ஸ்டீல் அவரை மேல் கயிற்றிலிருந்து கீழே தள்ளிவிடுகிறார். தள்ளாடி எழுந்த சாவேஜ், ஸ்டீம்போட்டைத் தூக்கி அடிக்கப் போகிறார். ஸ்டீம்போட் அப்படியே அவரைச் சுருட்டி மடக்கிவிடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு மாதப் பகை எந்த மணியில் தொடங்கியதோ அதே மணியைத் தொடப்போன கையால் சாவேஜ் பெல்ட்டை இழக்கிறார்.

சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஸ்டீம்போட்டோடு சேர்ந்து மனப்பாடம் செய்தவர். ஸ்டீம்போட்டுக்கோ அந்தந்தக் கணத்தில் கூட்டத்தைக் கேட்டு ஆடித்தான் பழக்கம். அந்த இரண்டு இயல்பும் ஒன்றோடொன்று ஒட்டிய இடம் இந்த ஆட்டம். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை சாவேஜை மட்டும் பாருங்கள். அடி வாங்கும்போது அவர் கால் எங்கே போகிறது, அடுத்த அசைவுக்கு எப்படி இடம் வைத்துக்கொள்கிறார் என்று. ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டும் பாருங்கள். கொரில்லா மான்சூன், ஜெஸ்ஸி வென்ச்சுரா வர்ணனை அருமைதான். ஆனால் அது இல்லாமலும் கதை விளங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பது கண்ணுக்குப் பயிற்சி.

3. அடிகளை எண்ணாதீர்கள்.

அதே இரவின் கடைசி ஆட்டம் ஹல்க் ஹோகன் – ஆன்ட்ரே. இன்றைய வேகத்துக்குப் பழகிய பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, "இவங்க ஒண்ணுமே பண்ணலையே" என்கிறார்கள். ஆன்ட்ரேவுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோய். சில மாதங்களுக்கு முன்புதான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நிற்பதே அவருக்கு வேதனை. அந்த உடலை வைத்துக்கொண்டு இருவரும் ஆட்டத்தை ஒரே கேள்வியில் நிறுத்தினார்கள்: இந்த மலையைத் தூக்க முடியுமா?

தொடங்கிய சில நொடிகளிலேயே ஹோகன் தூக்கப் பார்க்கிறார். முடியாமல் சரிகிறார், ஆன்ட்ரே மேலே விழுகிறார், ரெஃப்ரியின் கை மூன்றாவது எண்ணிக்கையை மயிரிழையில் தவறவிடுகிறது. அதற்குப் பின் வருகிற ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தோற்ற முயற்சியின் மேல்தான் நிற்கிறது. கடைசியில் ஹோகன் தூக்கிப் போடும்போது அரங்கமே எழுகிறது. தூக்கியவருக்குப் பேர் வந்தது. தூக்கவிட்டவருக்கு வலி. 1993 ஜனவரியில் ஆன்ட்ரே இறந்துபோனார். இந்த ஆட்டத்தை ஆன்ட்ரேவின் கண்ணோட்டத்தில் ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு ஹோகனை மட்டும் புகழ மாட்டார்கள்.

4. மேடையிலிருந்து சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்.

சில்வர்டோமில் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அவ்வளவு பேர் இல்லை, அதைவிடக் குறைவு என்று நீண்ட காலமாக வாதம் நடக்கிறது. ஆன்ட்ரேவை யாருமே தூக்கிப் போட்டதில்லை என்றார்கள். 1980-இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகனே தூக்கிப் போட்டிருக்கிறார். ஜப்பானிய சுமோ வீரராக வந்த யோகோசூனா, சமோவா வம்சத்து அமெரிக்கர். ரஷ்யர் என்று ஊரே வசை பாடிய இவான் கோலாஃப் கனடாக்காரர்.

அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் யாரைக் கண்டு பயந்தார்களோ அவர்களே ரிங்கில் வில்லன்களாக வந்தார்கள். பனிப்போர் நடந்தால் ரஷ்யன், ஈரானோடு மோதல் வந்தால் ஈரானியன். இவற்றை இன்று பார்க்கும்போது முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். அந்த இடங்களை ஓட்டிவிடாமல் பாருங்கள்; வெறுப்பை எப்படி டிக்கெட்டாக விற்றார்கள் என்பதும் இந்தக் கலையின் வரலாற்றில் ஒரு பக்கம்.

5. காதைக் கூட்டத்தின் பக்கம் வையுங்கள்.

புரூனோ சம்மார்ட்டினோ 1963-இல் பட்டம் வென்று, ஏழரை ஆண்டுக்கும் மேலாக அதை வைத்திருந்தார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகளுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. 1971 ஜனவரி 18 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கோலாஃபிடம் அவர் தோற்றபோது கூச்சல் எழவில்லை, வசை எழவில்லை, அரங்கம் வாயடைத்துப்போனது. தன் காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அப்போது நினைத்ததாகச் சம்மார்ட்டினோ பின்னாளில் சொன்னார்.

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா. பெண்கள் ரெஸ்லிங்கில் சிகுசா நாகாயோவும் டம்ப் மாட்சுமோட்டோவும் மோதுகிறார்கள். தோற்றவருக்கு மொட்டை. நாகாயோ பள்ளிச் சிறுமிகளின் கண்கண்ட தெய்வம். மாட்சுமோட்டோ முகத்தில் சாயம் பூசிய கொடுங்கோலி. நாகாயோ தோற்கிறார். ரிங்கிலேயே உட்கார வைத்து அவர் முடியை வழிக்கிறார்கள். சுற்றிலும் சிறுமிகள் அலறுகிற அலறலை ஒருமுறை கேட்டுவிட்டு, அதன் பிறகு "பொய்ச் சண்டை" என்று சொல்லிப் பாருங்கள். ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதே இல்லை.

கூட்டம் எழுதி வைத்த கதையையே மாற்றிவிட்டதும் உண்டு. 2002 மார்ச் 17, டொரண்டோ. கதைப்படி ஹோகன் வில்லன், ராக் நாயகன். ஆனால் கூட்டம் தன் சின்ன வயது ஹோகனைக் கண்டதும் ராக்கைக் கேலி செய்து ஹோகனைக் கொண்டாடியது. இருவரும் அந்த இடத்திலேயே ஆட்டத்தை வளைத்துக்கொண்டார்கள். ராக் வில்லனின் சாயலில் ஆடத் தொடங்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.

6. பிரெட் ஹார்ட் – ஸ்டீவ் ஆஸ்டின், 1997 மார்ச் 23. இதற்குள் அவசரப்பட்டு நுழையாதீர்கள்.

பலர் இதை ஒரு படத்துக்காகத் தேடுகிறார்கள்: ஷார்ப்ஷூட்டர் பூட்டில் சிக்கிய ஆஸ்டின், முகமெல்லாம் ரத்தம், பல்லைக் கடித்துக் கத்துகிறார். அந்தப் படம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய நான்கைந்து மாதத்தைப் பார்க்காதவருக்கு அது ரத்தம் மட்டும்தான்.

1996 இலையுதிர் காலத்தில் பிரெட் திரும்பி வருகிறார்: நேர்மையான நாயகன், குழந்தைகளுக்குத் தன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிடுகிறவர். ஆஸ்டினோ கெட்ட வார்த்தை, நடுவிரல். நவம்பரில் நியூயார்க்கில் பிரெட் நேர்மையாகவே ஜெயிக்கிறார். ஆனால் கூட்டத்தின் ஒரு பகுதி ஆஸ்டினுக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டது. ஜனவரியில் ராயல் ரம்பிளில் பிரெட் வெளியே எறிந்த ஆஸ்டின், ரெஃப்ரிகள் பார்க்கவில்லை என்பதால் திரும்ப உள்ளே புகுந்து ஜெயிக்கிறார். பிரெட் புலம்புகிறார். நியாயம்தான், ஆனாலும் வாரா வாரம் புலம்பும் நியாயவானை மக்கள் எத்தனை நாள் சகிப்பார்கள்?

சிகாகோ பக்கத்தில் ரோஸ்மாண்டில் நடந்த ஆட்டம், எதிரியைச் சரணடைய வைத்தால்தான் வெற்றி. கென் ஷாம்ராக் ரெஃப்ரி. தொடக்கத்தில் பிரெட்டுக்கு ஆரவாரம், ஆஸ்டினுக்குக் கூச்சல். சண்டை கூட்டத்துக்குள் புகுந்து திரும்புகிறது. பிரெட் ஆஸ்டினின் காலைக் குறிவைத்து, நிதானமாக, ஈவிரக்கமில்லாமல் வேலை செய்கிறார். கவனியுங்கள்: நாயகன் செய்யும் வேலையா அது? கடைசியில் பூட்டில் ஆஸ்டின் ஒருமுறை திமிறிக் கிட்டத்தட்ட விடுபடுகிறார், மறுபடி மாட்டுகிறார். வாய் திறந்து சரண் சொல்லவே இல்லை. மயங்கிப் போகிறார், ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். ஜெயித்த பிரெட் மயங்கிக் கிடப்பவரை மறுபடி அடிக்கப் போகிறார். ஷாம்ராக் அவரைத் தூக்கி எறிகிறார். பிரெட் வசையோடு வெளியேறுகிறார். ஆஸ்டின் உதவிக்கு வந்தவரைத் தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டு தானே நடந்து போகிறார். அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது.

ஒரே ஆட்டத்தில் நாயகன் வில்லனாகவும் வில்லன் நாயகனாகவும் இடம் மாறுகிறார்கள். இருவரும் தங்கள் குணத்தைத் துளியும் மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது பார்க்கிற மக்களின் மனம். நான் பார்த்த ஆட்டங்களில் கதை சொல்வதில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

7. நட்சத்திரக் கணக்கைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அடிமையாகாதீர்கள்.

ரெஸ்லிங் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் தன் இதழில் போட்ட நட்சத்திர மதிப்பெண்களை வைத்து எந்த ஆட்டத்தைத் தேடுவது என்று தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான். ஐந்து நட்சத்திரம் வாங்காத ஆட்டம் உங்கள் நெஞ்சில் தங்கினால் அது உங்களுக்கு நல்ல ஆட்டம்.

8. வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனம் வருந்தினேன். 1989-இல் ரிக் ஃப்ளேரும் ஸ்டீம்போட்டும் மூன்று பெரிய ஆட்டங்கள் ஆடினார்கள்: பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரல் 2-இல் நியூ ஆர்லியன்ஸ், மே 7-இல் நாஷ்வில். நடுவில் உள்ளது, மூன்று சுற்றில் இரண்டை ஜெயித்தால் வெற்றி என்ற கணக்கில், ஒரு மணி நேரத்தைத் தொடும் நீளம். ஆரம்பத்தில் பூட்டும் பிடியும் நெஞ்சில் அறையுமாகவே போகும். அந்த அறைகளின் சத்தம் போகப் போகக் கூடுவதையும், இரண்டு மார்புகளும் சிவந்துகொண்டே வருவதையும், எழுந்திருக்க எடுக்கும் நேரம் நீள்வதையும் பாருங்கள். களைப்பு இங்கே கதையின் ஒரு பாத்திரம். ஓட்டிவிட்டால் அந்தப் பாத்திரம் செத்துவிடும்.

மூன்றாவது சுற்றின் கடைசி எண்ணிக்கையில் ஃப்ளேரின் கால் கயிற்றுக்கு அடியில் இருந்ததை ரெஃப்ரி பார்க்கவில்லை. அதிலிருந்துதான் நாஷ்வில் ஆட்டம் பிறந்தது. வரிசை மாற்றிப் பார்த்தால் இந்த நூல் அறுந்துபோகும்.

9. ஜப்பானை மேலே இருந்து தொடங்காதீர்கள்.

1994 ஜூன் 3, தோக்கியோ புடோகன், மிட்சுஹரு மிசாவா – தோஷியாகி கவாடா. உலகிலேயே சிறந்த ஆட்டம் என்று கேட்டு நேரே இதற்குப் போய், தலைகால் புரியாமல் திரும்பியவர்கள் பலர். ஏணியின் முதல் படி 1990 ஜூன் 8. அதற்கு முந்தைய மாதம்தான் மிசாவா 'டைகர் மாஸ்க்' முகமூடியை ரிங்கிலேயே கழற்றிவிட்டுத் தன் சொந்த முகத்தோடு நின்றார். ஜூனில் ஜம்போ த்சுருதாவை, தன் நிறுவனத்தின் பெரிய மனிதரை, ஜெயித்தார். கூட்டம் அழுதது.

கவாடா அவருக்குப் பள்ளியிலேயே ஓராண்டு இளையவர். முதலில் மிசாவாவின் அணியில் நின்றார். 1993-இல் பிரிந்து அகிரா தௌவேயோடு சேர்ந்தார். அண்ணன் இடத்தில் இருப்பவரை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்ற தவிப்பு 1994 ஆட்டம் முழுவதும் இருக்கிறது. தோற்றார். 1995 ஜூன் 9-இல் ஜோடி ஆட்டம் ஒன்றில்தான் முதல்முறையாக மிசாவாவின் தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைத்தார். பட்டத்துக்கான தனி ஆட்டத்தில் அது நடக்க 1998 மே 1 வரை, தோக்கியோ டோம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நான்கு நாட்களையும் வரிசையாக, இடையில் சில நாள் விட்டுப் பாருங்கள்.

10. உடலுக்கு என்ன ஆனது என்பதை மறக்காதீர்கள்.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. பின்புறமாகத் தூக்கிப் போடப்பட்ட மிசாவா எழவே இல்லை. 46 வயது. ஆண்டுக்கணக்கில் கழுத்தில் விழுந்த அடிகள் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின என்பார்கள். நாம் மெய்சிலிர்த்துப் பார்க்கும் 1994-இன் அடிகளும் அந்தக் கணக்கில் உண்டு. 1998-இல் பிட்ஸ்பர்க்கில் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலி விழுந்த காட்சியை நண்பர்களுக்குக் காட்டிச் சிரிக்காதீர்கள். இரண்டாவது முறை கூண்டின் கூரை பிய்ந்து விழுந்தது அவர்கள் திட்டமிட்டதே அல்ல.

கிறிஸ் பென்வாவின் ஆட்டங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2007-இல் மனைவியையும் சின்ன மகனையும் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டவர். இறந்தபின் அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள் கடுமையான சேதத்தைக் கண்டார்கள். தொடங்குகிறவர்களுக்கு அவர் ஆட்டங்களை நான் காட்டுவதில்லை. அந்தக் குழந்தையின் நினைவு வந்தபின் அவர் திறமையை ரசிக்க என்னால் முடியவில்லை.

வீட்டில் தம்பி தங்கைகள் கூடப் பார்த்தால் பக்கத்திலேயே இருங்கள். கட்டிலிலிருந்து குதிப்பது, கழுத்தைப் பிடித்து மடக்குவது எதையும் செய்ய விடாதீர்கள். விழக் கற்றவர்களே கழுத்தை ஒடித்துக்கொண்ட தொழில் இது.

11. யாருக்காவது காட்டிக் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ரெஸ்லிங் பிடிக்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, 1994 மார்ச் 20-இன் பிரெட் ஹார்ட் – ஓவன் ஹார்ட் ஆட்டத்தைப் போடுங்கள். அண்ணன் தம்பி சண்டை என்றால் எந்த வீட்டிலும் விளக்கம் தேவையில்லை. அண்ணனின் நிழலில் நின்று நின்று சலித்த தம்பி, ஜனவரியில் அண்ணனின் காலை உதைத்துவிட்டுப் பிரிகிறான். மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ஆட்டமே இவர்களுடையது. அண்ணன் தோள்மேல் ஏறிச் சுருட்டப் பார்க்கும் நேரம் தம்பி அப்படியே கீழே உட்கார்ந்து அவரை மடக்கிவிடுகிறான். ஏமாற்றில்லை, சுத்தமான வெற்றி. அதே இரவின் கடைசியில் பிரெட் யோகோசூனாவை வென்று உலகப் பட்டத்தோடு நிற்கிறார், எல்லாரும் அவரைத் தோளில் தூக்குகிறார்கள். தம்பி வந்து தூரத்தில் நின்று பார்க்கிறான். அந்த இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தே காட்டுங்கள். நடுவில் வரும் ரேசர் ரேமன் – ஷான் மைக்கேல்ஸ் ஏணி ஆட்டத்தை அன்றைக்குப் போடாதீர்கள். அதை மறுநாள் தனியாகப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.